சின்னப் பிள்ளைகளோடு இயற்கைக் காய்கறித் தோட்டம்: எங்கே தவறினேன்?

#1 இருவர்தாய்

வணக்கம். இத்தனை மாதமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு மூன்றரை. வீட்டின் பின்பக்கம் இரண்டு கட்டில் போடும் அளவுக்கு மண் தரை இருக்கிறது. நல்ல வெயில் விழும். இரசாயன உரம், பூச்சிமருந்து எதுவும் இல்லாமல், பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு காய்கறி போட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. தக்காளி, குடைமிளகாய், கத்தரி மூன்றையும் நாற்றுத் தட்டில் விதைத்தோம்.

முதல் வாரம் மூன்று பேரும் பின்பக்கமே கிடந்தோம். அப்புறம் மகன் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தான். முளைத்தவற்றில் பாதி, தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூல்போல மெலிந்து சாய்ந்துவிட்டன. மிச்சம் இருந்ததை மகள் தினமும் ஒன்றாகப் பிடுங்கி, வேர் எவ்வளவு வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்ப நட்டாள். கடைசியில் நன்றாக நின்ற ஒரே தக்காளி நாற்றையும் அவள் பிடுங்கியபோது, கையைத் தட்டிவிட்டுக் கத்திவிட்டேன்.

பத்து நாளாக அவள் பின்பக்கம் போவதே இல்லை. "அது அம்மா தோட்டம்" என்று தம்பியிடம் சொல்கிறாள். நாற்று போனால் போகட்டும். அந்த வார்த்தைதான் உள்ளே குத்துகிறது.

மறுபடி எப்படித் தொடங்குவது? இந்த வயதுப் பிள்ளைகளோடு செய்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ஈரமண்

தங்கச்சி, இந்த வாரமே தொடங்கலாம். நீங்கள் எடுத்த பயிர்கள்தான் முதல் சிக்கல். தக்காளி விதை போட்டு நாற்றாக ஐந்தாறு வாரம், நட்ட பிறகு காய் பழுக்க 60 முதல் 80 நாள். குடைமிளகாய் இன்னும் மெதுவு. மூன்றரை வயதுப் பிள்ளையிடம் "நாலு மாதம் பொறு" என்பது நம்மிடம் "சில வருடம் பொறு" என்று சொல்வது போல.

சின்னச் சிவப்பு முள்ளங்கி போடுங்கள். மூன்று முதல் ஐந்து நாளில் முளைக்கும், 25 முதல் 30 நாளில் பிடுங்கலாம். வெந்தயக்கீரை இரண்டு மூன்று நாளில் தலைகாட்டும், மூன்று வாரத்தில் அறுவடை. மூன்றாவதாகக் காராமணி. விதை பெரியது, குட்டி விரலுக்குப் பிடிபடும். அது முளைக்கும்போது இரண்டு பருப்பும் மண்ணைத் தள்ளிக்கொண்டு முதுகை வளைத்து மேலே வரும். அதை ஒரு தடவை பார்த்த பிள்ளை மறக்காது. பட்டாணி அப்படி இல்லை, அதன் பருப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, ஏன் ஒன்று மேலே வருகிறது, ஒன்று வரவில்லை என்று மகளைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

ஆழத்துக்கு அளவுகோல் வேண்டாம். விதையின் தடிமனைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். காராமணிக்குக் குழந்தையின் விரலில் முதல் கணு. வெந்தயத்தைத் தூவி, மேலே மண்ணை லேசாகத் தூவினால் முடிந்தது.

நாற்று சாய்ந்தது நாற்றழுகல். ஈரம் வடியாத மண்ணில் பெருகும் பூஞ்சை போன்ற கிருமிகளால் வருவது. அதற்கு மகனைத் திட்டிப் பயன் இல்லை, தட்டில் தண்ணீர் வடியும் வழி இருந்ததா என்று பாருங்கள்.

இன்னொன்று. மகள் வேரைப் பார்க்க நினைத்ததில் எந்தத் தப்பும் இல்லை. ஒரு கண்ணாடி டம்ளருக்குள் ஈரத்துணியைச் சுருட்டி வைத்து, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே நாலு காராமணி விதையைச் செருகிக் கொடுங்கள். வேர் கீழே போவதையும் தண்டு மேலே வருவதையும் பிடுங்காமலே பார்க்கலாம். வேர் இரண்டு விரல் நீளம் வந்ததும் டம்ளரைப் படுக்கப் போடச் சொல்லுங்கள். மறுநாள் வேர் முனை திரும்பவும் கீழ்நோக்கி வளைந்திருக்கும்.

#3 பள்ளித்தோட்டம்

நான் நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஆசிரியை. பதினோரு வருடமாக வகுப்புப் பிள்ளைகளோடு தோட்டம் போடுகிறேன். ஈரமண் ஐயா பயிரைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் உங்கள் மகள் சொன்ன வார்த்தையை நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். அவள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். எதைப் போடுவது, எங்கே போடுவது, எது சரி, எது தப்பு எல்லாவற்றையும் அம்மாதான் முடிவு செய்தாள் என்றால், அது அம்மா தோட்டம்தான்.

'கிண்டர்கார்டன்' என்ற பெயரை 1840இல் வைத்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல். குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். வெறும் உவமையாக வைத்த பெயர் இல்லை, அவருடைய பள்ளியில் நிஜமாகவே பாத்திகள் இருந்தன. நடுவில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனிச் சின்னப் பாத்தி, அதைச் சுற்றி எல்லோருக்கும் பொதுவான பாத்திகள். பொதுப் பாத்தியில் சேர்ந்து ஒழுங்காக வேலை. தன் பாத்தியில் குழந்தை வைத்ததுதான் சட்டம். தப்பாகச் செய்தால் என்ன ஆகும் என்பதைச் செடியே அதற்குக் காட்டிவிடும்.

நான் வகுப்பில் செய்வதும் அதேதான். உங்கள் இடத்தை மூன்றாகப் பிரியுங்கள். ஒன்று உங்களுக்கு. அங்கே உங்கள் தக்காளி நிம்மதியாக வளரட்டும், பிள்ளைகள் உங்களைக் கேட்டுத்தான் கை வைக்க வேண்டும். இன்னொன்று மகளுக்கு. அகலம் அவள் கை எட்டும் தூரம்தான் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் நின்று எட்டினால் நடுவைத் தொட வேண்டும். மகனுக்கு மூன்றாவது, ஆனால் அதைப் பாத்தி என்று நினைக்காதீர்கள். மூன்றரை வயதுக்கு வேண்டியது தோண்டும் மூலை. ஒரு சின்னக் கொத்து, ஒரு கிண்ணம், ஈர மண். அங்கே ஏதாவது முளைத்தால் அது உபரி.

அவள் பாத்தியில் கை வைக்கும்போது நீங்களும் அவளைக் கேட்க வேண்டும். களை எடுப்பதாக இருந்தாலும் சரி. இது பெரியவர்களுக்கு எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

#4 புதுவிதை

எனக்கு மாடி முகப்பில் தொட்டிகள் மட்டும்தான். நாலு வயது மகள். தனிப் பாத்திக்குப் பதில் தனித் தொட்டி கொடுத்தால் போதுமா? எவ்வளவு பெரிய தொட்டி?

#5 பள்ளித்தோட்டம்

தாராளமாக. முள்ளங்கி, கீரைக்கு ஒரு சாண் ஆழம் போதும், காராமணிக்கு அதைவிடக் கொஞ்சம் ஆழம். ஆனால் அகலமான தொட்டியாக எடுங்கள், குறுகிய தொட்டியில் பிள்ளை கை நுழைந்தால் செடிக்கு இடம் இருக்காது. அடியில் துளை இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். தொட்டியைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக வைக்காதீர்கள், பிள்ளை அதன் மேல் ஏறி எட்டிப் பார்க்கும்.

#6 அவரைக்கொடி

மூன்று பேர் எழுதியதையும் இரண்டு தடவை படித்தேன். நான் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் மகனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, அவனுக்கென்று ஒரு தொட்டியில் வெண்டை போட்டோம். நாலு செடி வந்தது. ஒரு வாரம் வெளியூர் போய்த் திரும்பினால் மூன்று வாடிக் கிடந்தன. அவன் பார்ப்பதற்குள் என் தொட்டியில் இருந்த மூன்றைப் பிடுங்கி அங்கே நட்டுவிட்டேன். அவன் அழக்கூடாது என்றுதான். அப்புறம் இது பழக்கமாகிவிட்டது. புழு விழுந்தால் இரவில் போய்ப் பொறுக்குவேன், அவன் தண்ணீர் ஊற்ற மறந்தால் நான் ஊற்றுவேன். வெண்டை நன்றாகக் காய்த்தது. எல்லோரும் அவனைப் பாராட்டினார்கள்.

ஒரு நாள் அவனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு செடியில் அவன் கட்டிய சிவப்பு நூல் இருந்ததாம். வாடிய செடியோடு அது குப்பையில் கிடந்ததைப் பார்த்திருக்கிறான், இத்தனை நாள் சொல்லவில்லை. "இது நான் வளர்த்தது இல்லையே" என்றான். அழவில்லை, கோபப்படவும் இல்லை. அந்தக் காய் ஒன்றைக்கூட அவன் பறிக்கவில்லை.

அதனால் இருவர்தாய், செடி செத்தால் சாக விடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு பாருங்கள்.

#7 ஈரமண்

அவரைக்கொடி எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஆனால் ஒரு மாறுபட்ட கருத்து உண்டு. மூன்று, நாலு வயதில் முதல் தடவையே எல்லாம் செத்துப்போனால், பிள்ளை 'எனக்கு இது வராது' என்று முடிவு கட்டிவிடும். நான் பேரப்பிள்ளைகளோடு செய்வது இதுதான்: எதையும் நான்கு மடங்கு விதைப்பேன். பத்து செடி வேண்டும் என்றால் நாற்பது விதை. சாகிறது சாகும், பிடுங்குவதைப் பிடுங்கும், அப்படியும் பத்து மிஞ்சும். ஒளித்து மாற்ற வேண்டிய தேவையே வராது.

விதையைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. கடையில் வரும் விதை சில நேரம் இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று சாயம் பூசியிருக்கும். அது பூஞ்சைக்கொல்லி சேர்த்த விதை என்பதற்கான அடையாளம். பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கவே கூடாது, இயற்கைத் தோட்டத்துக்கும் அது பொருந்தாது. நேர்த்தி செய்யாத விதை என்று கேட்டு வாங்குங்கள்.

#8 பள்ளித்தோட்டம்

நான்கு மடங்கு விதைப்பதை முழு மனதோடு ஏற்கிறேன் ஐயா. ஒளித்து மாற்றுவதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

#9 இருவர்தாய்

எல்லோருக்கும் நன்றி. அவரைக்கொடி அக்கா, நீங்கள் எழுதியதை என் கணவருக்கும் படித்துக் காட்டினேன்.

நேற்று மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "உனக்கென்று ஒரு இடம் தருகிறேன், அங்கே நீ எதை வேண்டுமானாலும் பிடுங்கலாம்" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீ பிடுங்கணும்னா என்னைக் கேட்கணுமா?" என்றாள். ஆமாம் என்றேன். கயிறு கட்டி எல்லையைப் பிரித்துவிட்டோம். டம்ளரில் விதையும் போட்டாயிற்று.

மகன் இன்னும் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. அதற்கு என்ன செய்வது?

#10 ஈரமண்

நிறுத்த வேண்டாம். தண்ணீர் ஊற்றுவதுதான் அவனுக்குத் தோட்டம். ஊற்றினாலும் கெடாத இடம் ஒன்றைக் கொடுங்கள். மெருகு பூசாத சின்ன மண்பானையை, வாய் மட்டும் வெளியே தெரியும்படி பாத்தி நடுவே புதையுங்கள். அடியில் ஓட்டை இருந்தால் அடைத்துவிடுங்கள். அவன் பானையில்தான் ஊற்ற வேண்டும். சுவரின் நுண்துளை வழியாக, சுற்றியுள்ள மண் காய்ந்தால் மட்டும் ஈரம் கசியும். மண் ஈரமாக இருந்தால் தண்ணீர் பானையிலேயே நிற்கும். மிகப் பழைய பாசன முறை இது. அவன் பத்துத் தடவை வந்தாலும் பானை நிறைந்து வழியுமே தவிர வேர் அழுகாது. வாயை ஒரு தட்டுக் கல்லால் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.

பூவாளி ஒரு லிட்டருக்கு மேல் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ கனம். பெரியவர்களின் பத்து லிட்டர் பூவாளியை அவன் தூக்கினால், தண்ணீரைவிட அவன்தான் முதலில் பாத்தியில் விழுவான்.

மகளுக்கு: விரலை இரண்டாவது கணு வரை மண்ணில் விட்டு, ஈரம் தட்டுப்பட்டால் இன்று தண்ணீர் இல்லை. இந்தச் சோதனையை அவள்தான் செய்ய வேண்டும், செய்துவிட்டு உங்களிடம் அறிவிக்க வேண்டும்.

#11 வெண்குடை

நான் குழந்தைகள் பிரிவில் செவிலியர். இழை அழகாகப் போகிறது. பயமுறுத்த வரவில்லை, ஆனால் 'இயற்கை' என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோரும் பாதுகாப்பை மறந்துவிடுகிறோம். நான் பார்த்ததிலிருந்து சில விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர் வாளி. நடக்கும் வயதுக் குழந்தை இரண்டு அங்குலத் தண்ணீரில்கூட மூழ்க முடியும், சத்தமே வராது. தோட்ட வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள்.

அடுத்தது எரு. புதிய சாணம், கோழி எச்சம் இவற்றில் கடுமையான வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் இருக்கலாம். அமெரிக்க இயற்கை வேளாண் விதிப்படி, மக்காத எருவை மண்ணில் கலந்தால், மண்ணைத் தொடும் காய்க்கு அறுவடைக்கு 120 நாளும், தொடாத காய்க்கு 90 நாளும் இடைவெளி வேண்டும். உங்கள் முள்ளங்கியே 30 நாளில் வந்துவிடும்! ஆகவே பிள்ளைகள் பாத்திக்கு நன்றாக மக்கிய உரம் மட்டும். மூட்டை மண்ணையும் மக்கு உரத்தையும் முகத்துக்கு நேரே பிரிக்காதீர்கள், தூசி கிளம்பாமல் லேசாக நனைத்துவிட்டுக் கிளறுங்கள். அதில் நுரையீரலைத் தாக்கும் பாக்டீரியா இருக்க வாய்ப்புண்டு.

மண்ணைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய கட்டடச் சுவர் ஓரம், பெயிண்ட் உரிந்து விழுந்த இடம், வண்டி பழுதுபார்த்த இடம் என்றால் ஈயம் இருக்கலாம். விழுங்கிய ஈயத்தைச் சின்னக் குழந்தைகள் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உடலில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சந்தேகம் இருந்தால் மண்ணைச் சோதியுங்கள், அல்லது வெளியிலிருந்து சுத்தமான மண் கொண்டுவந்து உயரப் பாத்தி போடுங்கள்.

விதை மூக்குக்குள் போகும். சிரிக்காதீர்கள், வருடம் முழுக்கப் பார்க்கிறோம். பயறு ஈரத்தில் ஊதிப் பெருத்துவிடும், அதனால் வீட்டில் நோண்டாமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

அப்புறம், செருப்பு, ஷூ ஏதாவது இல்லாமல் மண்ணில் இறங்க வேண்டாம், கொக்கிப்புழு தோல் வழியாகவே நுழையும். டெட்டனஸ் தடுப்பூசி அட்டவணையில் விடுபட்டிருந்தால் போட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு, நகக்கண் உட்பட, 20 விநாடி கை கழுவ வேண்டும்.

பறித்ததும் வாயில் போடும் பழக்கம் உள்ள பிள்ளைகள் என்றால், தக்காளி இலை, உருளைக்கிழங்கு இலை, பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கு, வேகாத பீன்ஸ் இவை வாய்க்குப் போகக் கூடாது. மிளகாய்ச் செடியை அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அந்தக் கையைக் கண்ணில் வைத்துக்கொண்டு அழும் பிள்ளையைப் பார்க்கவே முடியாது.

#12 நிழல்வலை

எங்கள் அவரையில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பிக் கிடந்தபோது புகையிலைக் கரைசல் தெளித்தேன். மறுநாளே சுத்தம். அதுவும் இலையிலிருந்து எடுத்ததுதானே, இயற்கை முறைதான். பிள்ளைகள் தோட்டத்துக்கும் அதைச் சொல்லலாம்.

#13 வெண்குடை

வேண்டவே வேண்டாம் சகோ. உங்கள் மீது குறை இல்லை, நிறையப் பேர் இப்படித்தான் நம்புகிறார்கள். புகையிலையில் இருப்பது நிகோடின், நரம்பைத் தாக்கும் நஞ்சு. ஈரமான இலையிலிருந்தும் கரைசலிலிருந்தும் தோல் வழியாகவே உடலுக்குள் போகும். குழந்தையின் எடைக்கு மிகக் கொஞ்சம் போதும். இயற்கை வேளாண் தரவிதிகளே புகையிலைச் சாற்றை அனுமதிப்பதில்லை. வேப்பெண்ணெய் செடிக்குப் பயன்படும், ஆனால் சின்னக் குழந்தை குடித்துவிட்டால் வலிப்பு, மயக்கம் வரை போனதுண்டு. குளிர்பானப் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள், உயரத்தில் பூட்டி வையுங்கள்.

#14 நிழல்வலை

தெரியாமல் செய்துவிட்டேன். இன்றே அந்தக் கரைசலை அப்புறப்படுத்துகிறேன். அப்படியென்றால் அசுவினிக்கு என்னதான் வழி?

#15 பள்ளித்தோட்டம்

அசுவினி வந்தால் என் வகுப்பில் கொண்டாட்டம்! ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கொடுத்து உட்கார வைத்துவிடுவேன். பெண் அசுவினி ஆண் துணை இல்லாமலே உயிருள்ள குட்டிகளை ஈனும், அதைக் கண்ணால் பார்க்கலாம். எறும்பு ஏன் அங்கே வருகிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள். அசுவினி வெளியிடும் இனிப்புத் துளிக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது. கொஞ்சம் பொறுத்தால், கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு, குட்டி முதலை மாதிரி ஒரு பூச்சி வரும். அதைப் பார்த்ததும் பெரியவர்கள் நசுக்கிவிடுகிறார்கள். அதுதான் பொறிவண்டின் இளம்பருவம், அசுவினியை ஓயாமல் தின்னும். வண்டைத் தெரிந்த பிள்ளைகளுக்குக்கூட இந்தப் பருவம் தெரியாது. தெரிந்துவிட்டால் அவர்கள்தான் தோட்டத்துக் காவலர்கள், யாரையும் நசுக்க விடமாட்டார்கள்.

அதற்குள் செடி தாங்கவில்லை என்றால், விரலால் தடவி எடுக்கலாம், தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கலாம். நாலு வயதுக்கு இதைவிட இன்பமான வேலை கிடையாது. கம்பளிப்புழுவை மட்டும் வெறும் கையால் தொட வேண்டாம், இலையோடு கிள்ளி எடுக்கட்டும்.

#16 இருவர்தாய் (ஐந்து வாரம் கழித்து)

சொல்ல நிறைய இருக்கிறது.

மகள் தன் பாத்தியில் முள்ளங்கியை ஒரே குழியில் ஒரு பிடியாகக் கொட்டினாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், மிகவும் கஷ்டப்பட்டேன். கொத்தாக முளைத்தது. மூன்றாம் வாரம், அம்மா பாத்தியில் முள்ளங்கி உருண்டிருக்கிறது, தன்னுடையது எல்லாம் வெறும் வால் என்று அவளே வந்து சொன்னாள். ஏன் என்று நான் சொல்லவில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாத்தியையும் அரை மணி நேரம் பார்த்தாள். அப்புறம், "என்னுடையதுக்கு உட்கார இடமே இல்லை" என்றாள். மறுநாள் புதிதாக விதைத்தாள், இந்தத் தடவை விரலால் குழி போட்டு, குழிக்கு ஒன்று.

மகன் பானைக்காரன் ஆகிவிட்டான். காலையில் எழுந்ததும் கல்லைத் தூக்கிப் பார்த்து "குடிச்சிடுச்சு" என்று சத்தம் போடுகிறான்.

ஒரு வருத்தம். முதல் முள்ளங்கியை மகள் கழுவி, கடித்து, துப்பிவிட்டாள். தானே வளர்த்ததைச் சாப்பிடுவார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்களே?

#17 வெண்குடை

கடித்தாளே, அதுவே பெரிது. புதிய சுவையைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து தடவை, சிலருக்கு அதற்கு மேலும் ருசி பார்க்க வேண்டியிருக்கும். துப்பியதையும் ஒரு தடவையாகக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். "நீ வளர்த்ததுதானே, சாப்பிடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தோட்டம் அன்றைக்கே கடமையாகிவிடும்.

#18 ஈரமண்

முள்ளங்கி வெயில் கூடினாலும் பறிக்க நாளானாலும் காரமாகிவிடும். அடுத்த முறை இரண்டு நாள் முன்னதாகப் பிடுங்கச் சொல்லுங்கள்.

மண்ணுக்கு என்ன கொடுக்கிறீர்கள்? மகனுக்கு அடுத்த வேலை வைத்திருக்கிறேன். சமையலறைக் காய்த்தோல் ஒரு பங்கு, காய்ந்த இலை இரண்டு மூன்று பங்கு, மாற்றி மாற்றி அடுக்கி, பிழிந்த துணி அளவு ஈரம். நாற்றம் அடித்தால் காய்ந்த இலை போதவில்லை. மண்புழு வந்ததும் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கட்டும். அதற்கு நுரையீரல் கிடையாது, ஈரத் தோல் வழியாகத்தான் மூச்சு. அதனால் ஈரக் கையால்தான் தொட வேண்டும், சீக்கிரம் விட்டுவிட வேண்டும். இரண்டாக வெட்டினால் இரண்டு புழு ஆகும் என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் நம்ப வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

#19 இருவர்தாய் (மூன்று வாரம் கழித்து)

மகன் தோண்டும் மூலையில் ஒரு பூசணிக் கொடி! நாங்கள் போடவே இல்லை. மக்கு உரத்தோடு விதை வந்திருக்க வேண்டும். வேலி மேல் ஏறிவிட்டது. பதினைந்து பூவுக்கு மேல் பூத்தும் எல்லாம் உதிர்கிறது. அவன் உதிர்ந்த பூவை எல்லாம் கிண்ணத்தில் சேர்த்துக்கொண்டு என்னைப் பார்க்கிறான்.

#20 அவரைக்கொடி

முதலில் வருவது எல்லாம் ஆண் பூதான், உதிர்ந்துதான் ஆகும். கொஞ்ச நாளில் பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவு பூசணியோடு ஒரு பூ வரும், அது பெண். அந்தக் குட்டிப் பூசணியைக் கண்டுபிடிக்கும் வேலையை மகனிடம் விடுங்கள், நம்மைவிட அவர்கள் கண் கூர்மை. பூசணிப் பூ விடிகாலையில் விரியும், மதியத்துக்குள் வாடிவிடும். காலையிலேயே ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்து, நடுவில் உள்ள மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவே தடவ வேண்டும்.

#21 ஈரமண்

ஒரு சின்ன எச்சரிக்கை. தானாக முளைத்த பூசணி வேறு வகையோடு கலந்த விதையாக இருக்கலாம். காயை அறுத்ததும் நீங்கள் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுவதையும் மக்கு உரத்தில் போட்டுவிடுங்கள். அந்தக் கசப்பு வயிற்றைக் கடுமையாகக் கெடுக்கும், சமைத்தாலும் போகாது.

மகளின் காராமணி எப்படி?

#22 இருவர்தாய்

பூத்திருக்கிறது ஐயா. பன்னிரண்டு செடி. தினமும் எண்ணுகிறாள்.

#23 ஈரமண்

அப்படியென்றால் இதுதான் நேரம். ஒரு செடியைத் தியாகம் செய்ய அவளுக்குச் சம்மதமா என்று கேளுங்கள். மண்ணை நன்றாக நனைத்து, கொத்தால் தளர்த்தி, வேர் அறுபடாமல் அவளே பிடுங்கட்டும். வேரில் கடுகும் மிளகுமாகச் சின்ன உருண்டைகள் ஒட்டியிருக்கும். நோய் இல்லை. ஒன்றை நகத்தால் பிளந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அதில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தச் சிவப்புக்குக் காரணம் நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருளுக்கு உறவான ஒரு பொருள். காய் முற்றிய பிறகு பிடுங்கினால் அந்த நிறம் போய்விடும்.

#24 இருவர்தாய்

இன்று காலை.

கேட்டேன். எந்தச் செடி என்று முடிவு செய்ய அவளுக்கு இரண்டு நாள் ஆனது. ஓரத்தில் இருந்த குட்டைச் செடியைத் தேர்ந்தெடுத்தாள். தம்பி தண்ணீர் ஊற்றினான். அவள் கொத்தால் சுற்றிலும் தளர்த்திவிட்டு, பிடுங்குவதற்கு முன் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எதற்கு என்று எனக்குத் தெரியும். "உன் பாத்தி" என்றேன்.

முழு வேரும் வந்தது. ஒரு தட்டில் தண்ணீர் வைத்துக் கழுவினோம். முப்பத்தேழு உருண்டை எண்ணினாள். நகத்தால் பிளந்தாள், இளஞ்சிவப்புதான். தம்பி கைக்கு ஒன்று, எனக்கு ஒன்று கொடுத்தாள். பிறகு அந்தச் செடியை மறுபடி நட்டுவைக்கலாமா என்று கேட்டாள். நடலாம், பிழைக்காமலும் போகலாம் என்றேன். நட்டு, மேலே இரண்டு காய்ந்த இலையை நிழலுக்காக மூடி வைத்திருக்கிறாள்.

மாலையில் பார்த்தேன், தலை தொங்கித்தான் இருக்கிறது. நான் தொடவில்லை.